பச்சையை விடுங்கள், அலகைப் பாருங்கள்: வேலூர்ப் பக்கத்துக் காட்டுக்கிளிகளை இனம் காண ஒரு வழிகாட்டி

கிளி என்றதும் பச்சை என்று மனம் முந்திக்கொள்வதுதான் முதல் தடை. அமிர்திப் பக்கம் காலையில் ஒரு கூட்டம் தலைக்கு மேல் போகிறது. பச்சை உடம்பு, நீள வால், ஒரே கூச்சல். “பச்சைக்கிளி, பதினைந்து” என்று நோட்டில் எழுதிவிட்டு நடையைக் கட்டுகிறோம். அந்தப் பதினைந்தில் பத்து வேறு கிளியாக இருந்திருக்கலாம். நம் காட்டுக் கிளிகள் அத்தனையும் பச்சை என்பதால் பச்சையை வைத்து ஒன்றையும் பிரிக்க முடியாது. அலகு என்ன நிறம், வால் நுனி என்ன நிறம், தோளில் சிவப்பு உண்டா, குரல் எப்படி? இந்த நான்கில் இரண்டு கிடைத்தாலே பெரும்பாலும் பேரைச் சொல்லிவிடலாம்.

‘பஞ்சவர்ணக்கிளி’ தேடிக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படங்களில் வரும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமான பெரிய மக்காவ் கிளிகள் நடு அமெரிக்கா, தென்னமெரிக்காக் காட்டுக்காரர்கள். கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிற குட்டிக் கிளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் பட்ஜி. இவற்றில் எதுவும் ஜவ்வாது மலையில் கிடையாது. நம் காட்டில் வண்ணம் என்று சொல்லத்தக்க கிளி ஒன்றுதான், செந்தலைக் கிளி. ஆனால் அதை ஒருமுறை நல்ல வெயிலில் பார்த்துவிட்டால் மக்காவ் நினைப்பே வராது.

இங்கே யார் யார்?

*செந்தார்ப் பைங்கிளி.* ஊரில் எல்லோரும் பச்சைக்கிளி என்று சொல்வது இதைத்தான். வாலோடு சேர்த்து ஏறக்குறைய 40 செ.மீ. நீளம்; அதில் பாதிக்கு மேல் வால். மேல் அலகு நல்ல சிவப்பு, கீழ் அலகு கறுப்பு. ஆணுக்குத் தாடையிலிருந்து கறுப்புக் கோடு ஓடிக் கழுத்தைச் சுற்றும். பிடரியில் அந்தக் கோட்டை ஒட்டி ரோஜா நிறப் பட்டை. சங்கப் பாட்டுக்காரர்கள் ‘செந்தார்’ என்று சொன்னது இந்த மாலையைத்தான். பெண்ணுக்கு மாலை கிடையாது. தோளில் சிவப்பு இரு பாலுக்கும் கிடையாது.

*செந்தலைக் கிளி.* ஊதாத்தலைக் கிளி என்றும் சொல்வார்கள். 33 முதல் 37 செ.மீ.; வாலை எடுத்துவிட்டால் உடம்பு மைனாவைவிடச் சிறியது. ஆணின் தலை நிறத்தைப் பாதி பழுத்த நாவற்பழத்தோடு ஒப்பிடலாம். நெற்றியும் கன்னமும் சிவந்து, பிடரிப் பக்கம் போகப் போக நீலம் கலந்த ஊதாவாக இறங்கும். தலை முடியும் இடத்தில் மெல்லிய கறுப்பு வளையம், அதற்குக் கீழே நீலப்பச்சைத் தடம். தோளில் கருஞ்சிவப்புப் பொட்டு. மேல் அலகு மஞ்சள், கீழ் அலகு கறுப்பு. வாலின் நடு இறகுகள் நீலம், நுனி வெள்ளை. பெண்ணுக்குத் தலை மங்கிய நீலச்சாம்பல், கழுத்தில் கறுப்புக்குப் பதில் மஞ்சள் வளையம், தோளில் பொட்டு இல்லை, அலகு வெளிர்மஞ்சள்.

*பெரிய பச்சைக்கிளி.* செந்தார்ப் பைங்கிளியை ஒன்றரை மடங்காக ஊதிப் பெரிதாக்கியதுபோல இருக்கும். 55 செ.மீ. வரை, சில சமயம் அதற்கும் மேலே. மேலும் கீழும் சிவந்த, முகத்துக்குப் பொருந்தாத பருமனான அலகு. இரு பாலுக்கும் தோளில் கருஞ்சிவப்புத் திட்டு உண்டு. வேலூர்ப் பக்கம் இதை எளிதில் எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குள் ஒற்றையாகத் தென்பட்டால் கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆளைக் கண்டு அஞ்சாமல் அருகே வந்தால் அநேகமாக உறுதி. செந்தார்ப் பைங்கிளியில் முழு மஞ்சள், வெளிர்நீலம் என்று தென்படுபவையும் பெரும்பாலும் கூண்டில் வளர்த்தெடுத்த வகைகள்தான்.

இவற்றோடு இரண்டு பேர் புத்தகத்தில் வருவார்கள். நீலச்சிறகுக் கிளி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. சிட்டுக்குருவி அளவே உள்ள, தலைகீழாகத் தொங்கித் தூங்கும் குட்டைவால் தொங்கும் கிளியையும் தமிழ்நாட்டில் எளிதில் பார்க்க வேண்டுமென்றால் மேற்கு மலைகளின் ஈரக்காட்டுக்குத்தான் போக வேண்டும். ஏலகிரியிலோ ஜவ்வாதிலோ இவற்றைப் பார்த்ததாகத் தோன்றினால் முதலில் உங்கள் குறிப்பையே சந்தேகப்படுங்கள்.

முதல் வாரம் காட்டுக்குப் போகாதீர்கள்

கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். செந்தார்ப் பைங்கிளியை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தால்தான் அதிலிருந்து விலகி நிற்கும் கிளி கண்ணில் படும். அளவுகோல் இல்லாமல் துணி அளக்க முடியாது.

வேலூர்க் கோட்டையை ஒட்டிய பெரிய மரங்கள், பாலாற்றங்கரைத் தோப்புகள், வீட்டுப் பக்கத்து முருங்கை எதுவானாலும் சரி. மாலை 5 மணிக்குப் போய் 6.30 வரை நில்லுங்கள். கிளிகள் இரவு தங்கக் கூட்டம் கூட்டமாக வந்து சேரும் நேரம் அது. மூன்று பயிற்சிகள்:

முதல் நாள் பறக்கும் கிளியை மட்டும் பாருங்கள். பைனாகுலர் வேண்டாம். சிறகடிப்பு எவ்வளவு வேகம், வால் எவ்வளவு மெலிந்து ஓடுகிறது, கூட்டம் நேர்கோட்டில் போகிறதா என்பதுதான் பாடம். இரண்டாம் நாள் உட்கார்ந்திருக்கும் பத்துக் கிளிகளை எடுத்துக்கொண்டு மாலை உள்ளது, இல்லாதது என்று எண்ணுங்கள். மாலை இல்லாததையெல்லாம் பெண் என்று எழுதிவிடாதீர்கள். ஆண் குஞ்சுக்கு மாலை முழுதாக வர ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். ஆகவே ‘பெண் அல்லது இளசு’ என்று எழுதுவதே சரி. மூன்றாம் நாள் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேளுங்கள். “கீ-ஆக், கீ-ஆக்” என்று கூர்மையாக, உரக்க, கொஞ்சம் கீறலோடு வரும். அந்தக் குரல் தூக்கத்தில் கேட்டாலும் தெரிகிற அளவுக்குப் பதிய வேண்டும். காட்டில் கிளியைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும்.

கருவியைச் சரிசெய்வது

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ.) பைனாகுலர் போதும். 10x42 வாங்கினால் கிளி பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். காட்சிப் பரப்பும் குறுகுவதால் பறக்கும் கிளியை உள்ளே பிடிப்பது கடினம். புதியவர்களுக்கு 8 என்பதே எங்கள் தேர்வு.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. செய்யாதவர்களே அதிகம். 30 மீட்டர் தள்ளி ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலது பக்க முன் வில்லையைக் கையால் மறைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடது வில்லையை மறைத்து, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். நடுச் சக்கரத்தைத் தொடக் கூடாது. அந்த வளையம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பையில் போட்டு எடுக்கும்போது நகர்ந்தால் திருப்பி வைக்கலாம். இது சரியில்லாவிட்டால் அரை மணியில் தலை வலிக்கும், கிளியின் அலகு நிறம் கடைசிவரை மங்கலாகவே இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லை ரப்பரை மடக்கி அல்லது திருகி உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும்.

கிளியைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைக் கிளியிலேயே வைத்து, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒன்று பழகவே நான்கைந்து நாள் ஆகும்.

எங்கே, எப்போது

செந்தலைக் கிளிக்கு நடுக்காடு தேவையில்லை. காடும் கொல்லையும் சந்திக்கும் ஓரம்தான் அதன் இடம். பழைய மரங்களில் பொந்து, காட்டில் பழமும் பூவும், அடுத்த கொல்லையில் தானியம். இந்த மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும் இடமாகத் தேடுங்கள். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியே 25 கி.மீ. சுமாரில் உள்ள அமிர்தி அடிவாரம், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்துப் பக்கம் ஏறும் சாலையோரம், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சாமைக் கொல்லைகள், பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் ஏலகிரியின் பழத்தோட்டங்கள் எல்லாம் இப்படிப்பட்ட நிலம். வள்ளி பரண் மேல் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டினாள் என்று சொல்லும் வள்ளிமலையும் நம் காட்பாடிப் பக்கம்தான். தினைப்புனத்துக்குக் கிளி வந்தே தீரும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதுச் செய்தியா என்ன?

இந்த இடங்களில் பல காப்புக்காடுகள். தார்ச்சாலையில் நின்று பார்ப்பது வேறு, உள்ளே இறங்கி நடப்பது வேறு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஜவ்வாதில் சந்தன மரம் இருப்பதால் விடிகாலையில் பையும் கருவியுமாகத் திரியும் வெளியாளைக் கண்டால் ஊர்க்காரர்களுக்கும் வனக்காவலர்களுக்கும் சந்தேகம் வருவது நியாயமே. முதல்நாளே ஊரில் ஒரு டீக்கடையிலாவது “கிளி பாக்க வந்திருக்கோம்ணே” என்று சொல்லிவைத்தால் மறுநாள் நிம்மதி. எந்த மரத்தில் கிளி இறங்குகிறது என்ற தகவலும் அங்கேயே கிடைக்கும். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் எல்லைக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே விடியற்காலையில் நடந்து போகிற யோசனையே வேண்டாம். ஜவ்வாதிலும் கரடி உண்டு என்பதால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே சாலையை விட்டு இறங்குங்கள்.

காலம் என்றால் தை பிற்பகுதியிலிருந்து சித்திரை முன்பகுதி வரை. இலையுதிர் காடு என்பதால் அப்போது மரங்கள் மொட்டையாக நிற்கும். பச்சைக்கிளி பச்சை இலைக்குள் மறையும் வித்தை செல்லாது. அதே மாதங்களில்தான் முள்ளிலவு சிவப்பாகவும் பொரசு காவிச்சிவப்பாகவும் பூக்கும், பின்னாலேயே இலுப்பை வரும். பூத்த முள்ளிலவு ஒன்று கிடைத்தால் அன்று வேறெங்கும் அலைய வேண்டாம். ஆனி, ஆடியில் வேப்பம்பழம். அப்போது ஊர்ப்பக்கமே கிளி நிறையும். ஆடிப்பட்டத்தில் விதைத்த சாமையும் கேழ்வரகும் முற்றும்போது மலைமேல் கொல்லையோரம் நில்லுங்கள். ஆல், அத்தி எப்போது பழுக்கும் என்று நாள் குறிக்க முடியாது. போகிற வழியில் கண்ணில் பட்டால் நிற்க வேண்டியதுதான்.

நேரம் காலை 6.15 முதல் 9 வரை, மாலை 4.30க்கு மேல். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கிளி அடர்நிழலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். நீங்களும் அதைத்தான் செய்யத் தோன்றும்.

களத்தில் வரிசையாக

1. சூரியன் உங்கள் முதுகில் இருக்கும்படி நில்லுங்கள். காலையில் மரத்துக்குக் கிழக்கே நின்று மேற்கு பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் செந்தலை கருந்தலையாகத் தெரியும், சிவந்த அலகு கறுத்துத் தெரியும். பாதித் தவறுகளுக்கு இதுவே காரணம்.

2. முதலில் காது. “கீ-ஆக்” வந்தால் செந்தார்ப் பைங்கிளி. செந்தலைக் கிளியின் குரலில் கீறல் இருக்காது. “டுயிங்க்?” என்று கடைசியில் மேலேறி, யாரையோ கேள்வி கேட்பதுபோல முடியும், காதுக்கு இதமானது. பெரிய பச்சைக்கிளியின் குரல் கனத்து, தொண்டையிலிருந்து வரும்.

3. பறப்பதைக் கவனியுங்கள். செந்தார்ப் பைங்கிளி மரங்களுக்கு மேலே நேராக, போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்தாற்போல் பறக்கும். செந்தலைக் கிளிக் கூட்டம் அதைவிட வேகம். மரங்களுக்கு இடையே புகுந்து, மீன்கூட்டம் திரும்புவதுபோல எல்லாம் ஒரே நொடியில் திரும்பும்.

4. இறங்கும் நொடியைத் தவறவிடாதீர்கள். கிளையில் கால் வைக்கும் முன் கிளி வேகம் குறைக்க வாலை விசிறியாக விரிக்கும். அப்போது நடு இறகின் வெள்ளை நுனி பளிச்சென்று தெரிந்தால் செந்தலைக் கிளி. மஞ்சள் கலந்த நுனி என்றால் மற்ற இரண்டில் ஒன்று. எதிர்வெயிலிலும் ஏமாற்றாத அடையாளம் இதுதான். அலகு, தலை எதுவும் தெரியாமல் இதை வைத்தே பேர் சொல்லலாம்.

5. இறங்கியதும் அமைதியாகிவிடும். கிளி போய்விட்டது என்று நினைத்து நகராதீர்கள். பத்து நிமிடம் மரத்தடியைப் பாருங்கள். பூ, தோல், பிஞ்சு என்று ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். விழும் இடத்துக்கு நேர் மேலே பைனாகுலரைத் தூக்குங்கள்.

6. கண்டுகொண்டதும் ஒழுங்கு மாறாமல் பாருங்கள்: அலகு, கழுத்து, தோள், வால் நுனி. தலையின் அழகில் மயங்கி அங்கேயே நின்றுவிட்டால் கிளி பறந்த பிறகு “தோளில் பொட்டு இருந்ததா?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிவரும்.

சாப்பிடும் கிளியைக் கொஞ்ச நேரம் விடாமல் பார்ப்பது நல்ல பாடம். கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். ஒரு காலால் கிளையைப் பற்றிக்கொண்டு மறுகாலைக் கையாக்கி உணவை வாய்க்குக் கொண்டுபோகும். இந்தக் கைப்பழக்கத்தைக் கண்டாலே பச்சை உடம்புள்ள குக்குறுவானும் பச்சைப்புறாவும் கணக்கிலிருந்து விலகிவிடும். முள்ளிலவுப் பூவை அலகால் கத்தரித்து, காலில் ஏந்தி, அடிப்பக்கத்தைக் கடித்து உறிஞ்சிவிட்டு மிச்சத்தைப் போடும். மரத்தடியில் கிடக்கும் பூக்களைப் புரட்டிப் பாருங்கள். தானாக உதிர்ந்த பூ முழுசாக இருக்கும். அடி சிதைந்து இதழ்கள் கலையாமல் கிடக்கும் பூ கிளியின் வேலையாக இருக்கலாம். அணிலும் பூவைக் கடிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். மேலே பார்க்க ஒரு சாக்கு, அவ்வளவே.

தடுமாறும் இடங்கள்

செந்தலைக் கிளியின் குஞ்சுக்குத் தலை பச்சை. மாலை கிடையாது, பொட்டு கிடையாது, வாலும் இன்னும் வளர்ந்திருக்காது. இதைப் பெண் செந்தார்ப் பைங்கிளி என்று எழுதாதவர் அரிது. இங்கேதான் அலகு கைகொடுக்கும். செந்தலைக் குஞ்சின் அலகு மஞ்சள் அல்லது ஆரஞ்சு கலந்த மஞ்சள். செந்தார்ப் பைங்கிளியின் குஞ்சுக்கு இளஞ்சிவப்பு, வளர்ந்ததற்குச் சிவப்பு. கோடை முடிவில் கூட்டத்தில் பச்சைத்தலைகள் மிகுந்திருந்தால் அந்த வருடக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன என்று பொருள். பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாகக் கலந்த தலை தெரிந்தால் புது இனம் எதுவும் இல்லை. ஆண் இளசுக்கு நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது.

பெண் செந்தலைக் கிளியின் சாம்பல் தலையைப் பார்த்து நீலச்சிறகுக் கிளி என்று எழுதுவது அடுத்த தவறு. கழுத்தைப் பாருங்கள். செந்தலைப் பெண்ணுக்கு மஞ்சள் வளையம், வெளிர் அலகு. நீலச்சிறகுப் பெண்ணுக்குக் கறுப்பு வளையம், கறுத்த அலகு.

செல்போன் செயலிகளின் பதிலை அப்படியே எழுதிக்கொள்வது ஆபத்து. மெர்லின் போன்றவற்றில் இருப்பிடத்தை வேலூர் என்று சரியாக வைக்காவிட்டால் இமயமலைப் பக்கத்துச் சாம்பல்தலைக் கிளியையும் வடகிழக்கின் செந்தலைச் சாயல்கிளியையும் வரிசையில் காட்டும். படம் நன்றாக ஒத்துப்போகிறதே என்று நமக்கும் ஆசை வந்துவிடும். குரலை வைத்துச் சொல்லும் வசதிக்கும் கண் சாட்சி வேண்டும். மரத்துக்குள் இருந்து நாலு பறவையின் குரலை மாற்றி மாற்றி எழுப்பும் துடுப்புவால் கரிச்சானும் பச்சைச்சிட்டும் மனிதரையே ஏமாற்றுகின்றன, போனை ஏமாற்றாதா?

கிளியே இல்லாத பச்சைகளும் உண்டு. மின்கம்பியில் உட்கார்ந்து பறந்து பூச்சி பிடித்துத் திரும்பவும் அதே இடத்துக்கு வருவது பஞ்சுருட்டான். அலகு மெலிந்து வளைந்திருக்கும், வாலில் ஊசிபோல ஒரு நீட்சி. கழுத்தே இல்லாமல் தலை பெருத்து, “குட்ரூ குட்ரூ” என்று நிறுத்தாமல் கத்துவது குக்குறுவான். ஆலம்பழத்துக்குக் கூட்டமாக வந்து அசையாமல் இருப்பது பச்சைப்புறா. வால் குட்டை, கால் மஞ்சள்.

எழுதிவைப்பது

அன்றைய குறிப்பை அன்றே, அந்த மரத்தடியிலேயே எழுதுங்கள். தேதி, மணி, இடம், மரம், எண்ணிக்கை, பார்த்த அடையாளம் என்று ஆறு செய்தி போதும். “பிப்ரவரி 15, காலை 6.50, கொல்லையோர முள்ளிலவு, 9 கிளிகள், 2 ஊதாத்தலை, 4 சாம்பல்தலை மஞ்சள் வளையம், 3 சரியாகத் தெரியவில்லை, வால் நுனி வெள்ளை கண்டது” என்பது நல்ல குறிப்பு. “செந்தலைக் கிளி 9” என்பது மோசமான குறிப்பு. முதலாவதை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் சரிபார்க்கலாம். மூன்று தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே இருக்கட்டும். ஆளைக் கவர்வதற்காக ஒன்பதையும் நிரப்ப வேண்டியதில்லை.

படம் எடுத்தால், வானம் பின்னணியாக இருக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா வானத்துக்கு ஏற்பச் சரிசெய்து கிளியைக் கரிக்கட்டையாக்கிவிடும். போன்தான் இருக்கிறது என்றால் பைனாகுலரின் ஒரு கண்வில்லையில் லென்ஸை ஒட்டிவைத்து வீடியோ எடுத்து, அதிலிருந்து நல்ல சட்டகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால் உங்கள் குறிப்பைச் சரிபார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கும். காட்டுக்கே போகாமல் கோட்டைப் பக்கம் 15 நிமிடம் எண்ணினாலும் அதில் பதியலாம்.

பொந்தைக் கண்டால்

பார்க்கத் தோதான அதே தை, மாசி, பங்குனிதான் இவற்றுக்குக் கூட்டுக்காலமும். மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்தையோ தானாக உண்டான மரப்பொந்தையோ எடுத்துக்கொள்ளும். செந்தார்ப் பைங்கிளி மொட்டைப் பனை, பழைய கட்டடச் சுவர் ஓட்டை என்று எதையும் விடாது. குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். இரை கொண்டுவந்த கிளி உள்ளே நுழையாமல் பக்கத்துக் கிளையில் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் 30 மீட்டரும் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் பின்வாங்குங்கள். பெற்றது வெளியே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது; பொந்துக்கு ஆசைப்படும் மைனாவுக்கும் அது வாய்ப்பு. பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பதை இந்த மாதங்களில் செய்யவே கூடாது.

கூட்டின் இடத்தைச் சொல்லும் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். குஞ்சு பிடிக்கிறவர்களுக்கு வழி காட்டியதாக ஆகும். நம் நாட்டுக் கிளிகள் எதையும் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரில் நாலு வீட்டில் கூண்டு தொங்குகிறது என்பதால் அது சரியாகிவிடாது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், உடம்பு முழுக்க இறகு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பூனை எட்டாத பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள், பெற்றவை தேடி வரும். இறகில்லாத குஞ்சை, பொந்து கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தால் மட்டும் திருப்பி வையுங்கள். கை பட்டதால் பெற்றவை ஒதுக்கிவிடும் என்பது சும்மா பேச்சு. எட்டாவிட்டால் துணி விரித்த, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதுவரை பாலோ ரொட்டியோ ஊட்டாதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கினால் பிழைக்காது.